பக்கத்து வீட்டுக்காரர் நீட்டிய மனு

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் வர்ஜீனியாவில், ரிச்மண்டுக்கு மேற்கே ஒரு கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆறு வருடமாக இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, அவர் மனைவி என்பதால் எனக்கு எச்-4 விசா. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம். பையனுக்கு ஒன்பது வயது. பக்கத்து வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். போன குளிர்காலத்தில் என் கணவர் சென்னை போயிருந்தபோது, நான் கேட்காமலேயே எங்கள் வீட்டு வாசலில் இருந்து பனியை அள்ளிக் கொட்டியவர். என் பையன் பாதி நாள் அவருடைய பேரனோடு அங்கேதான் விளையாடுவான்.

போன ஞாயிறு ஒரு மனுவோடு வந்தார். ஜனவரியில் சட்டமன்றம் கூடியதும் புதிய துப்பாக்கிச் சட்டங்கள் வருமாம். அவற்றை நம் கவுண்டியில் அமல்படுத்தக் கூடாது என்று கவுண்டியை நிர்வகிக்கும் போர்டு தீர்மானம் போட வேண்டுமாம். ‘நீங்களும் இந்தத் தெருதானே’ என்று காகிதத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை போர்டு கூட்டத்துக்கும் கூப்பிட்டார். மனுவைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

எனக்குத் துப்பாக்கி என்றாலே நடுக்கம். பள்ளியில் ‘லாக்டவுன் டிரில்’, அதாவது துப்பாக்கியோடு யாராவது நுழைந்தால் கதவைப் பூட்டி ஒளிந்துகொள்ளும் பயிற்சி, நடக்கும் நாளில் என் பையன் சாப்பிடுவதில்லை. சட்டம் வரட்டும் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் தெருவில் பாதி வீட்டு முன்னால் எதிர்ப்புப் பலகை நிற்கிறது. கணவர், ‘கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலையைப் பார், நமக்கு எதுக்கு வம்பு’ என்கிறார். கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால் பகையாகுமா? இவ்வளவு பேர் எதிர்த்தால் சட்டம் நின்றுவிடுமா? வந்தாலும் எங்கள் கவுண்டியில் செல்லாதா? எனக்கும் பேச வேண்டும் போல இருக்கிறது. பேசினால் விசாவுக்கு ஆபத்தா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள், சகோதரி. உங்கள் கணவரையும் போட விடாதீர்கள். துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கு நான் இன்னும் வரவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொட்டை எழுத்துத் தலைப்புக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி ஓடுகிறது: ‘இந்தக் கவுண்டியின் பதிவு பெற்ற வாக்காளர்களாகிய நாங்கள்’. குடிமக்கள் மட்டுமே இங்கே வாக்காளர் பட்டியலில் சேர முடியும். அந்த வரிக்குக் கீழே நீங்கள் பெயர் எழுதினால், ‘நான் அமெரிக்கக் குடிமகள்’ என்று எழுதிக் கொடுத்ததாக நாளைக்கு ஒரு அதிகாரி அதை வாசிக்கலாம். குடியுரிமை உண்டென்று பொய் சொன்னவர் என்ற பெயர் குடியேற்றக் கோப்பில் ஏறிவிட்டால், அதற்கு மன்னிப்பு வாங்கும் வழி ஏறக்குறைய இல்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரையே அது நாடு கடத்தும் விசாரணை வரை இழுக்கும்.

கவுண்டி போர்டுக்குக் கொடுக்கிற ஒரு மனுவைத் தோண்டி எடுத்து யாராவது அப்படிச் செய்வார்களா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் செய்ய மாட்டார்கள். ஆனால் ஓர் அரசு அலுவலக கவுண்டரில் அவசரத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, ஏழு வருடம் கழித்து, குடியேற்ற வழக்கறிஞரான என் முன்னால் உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் வரிசையில் நின்றவர் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லை நம்பிப் பேனாவைத் திறக்கக் கூடாது.

இதில் உங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ‘இது வாக்காளர்களுக்கான மனு, எங்களுக்கு இங்கே ஓட்டு இல்லை, பொய்யாகக் கையெழுத்துப் போடக் கூடாது’ என்று அவரிடம் சொல்லுங்கள். அது முழு உண்மை. ராணுவத்தில் இருந்தவருக்கு விதிமுறை என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. பகை வருவதற்கு அதில் இடமே இல்லை.

மனு விஷயம் அத்தோடு முடிந்தது. உங்கள் கடிதம் முடியவில்லை. இந்த மனிதர்கள் யார், எதற்கு இவ்வளவு கொதிக்கிறார்கள், அவர்களுக்கு நடுவில் நாம் எப்படி இருப்பது என்பதுதானே உங்கள் தவிப்பு? தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொல்கிற ஊரில் இருந்து வந்தவர்கள் நாம். வங்கி வாசல் காவலாளியின் தோளில் தொங்கும் பழைய துப்பாக்கியைத் தவிர வேறொன்றைப் பக்கத்தில் பார்க்காமலே வளர்ந்தவர்கள். நமக்கு இது புரியாமல் போவது இயல்பு. எனக்கும் கொஞ்சம் புரிந்தது 2020 ஜனவரி 20ஆம் தேதி காலையில்தான்.

அன்று திங்கட்கிழமை, மார்ட்டின் லூதர் கிங் விடுமுறை. வர்ஜீனியாவில் அந்த நாளை ‘லாபி டே’ என்பார்கள். யார் வேண்டுமானாலும் சட்டமன்றத்துக்குப் போய்த் தங்கள் உறுப்பினரைப் பார்த்துக் குறையைச் சொல்லலாம். அதற்கு முந்தின ஆண்டு மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் ஒருவன் 12 பேரைச் சுட்டுக் கொன்றிருந்தான். ஆளுநர் ரால்ஃப் நார்த்தம் ஜூலையில் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அப்போது பெரும்பான்மையில் இருந்த குடியரசுக் கட்சியினர் ஒன்றரை மணி நேரத்தில் அதை ஒத்திவைத்துவிட்டுப் போனார்கள். நவம்பர் தேர்தலில் இரண்டு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கைக்கு வந்தன. நார்த்தம் எட்டு மசோதாக்களை முன்வைத்தார். கிராமப்புற வர்ஜீனியா கொதித்து எழுந்தது.

அன்றைக்கு ரிச்மண்டில் திரண்டவர்கள் ஏறத்தாழ 22,000 பேர். சட்டமன்ற வளாகத்துக்குள் ஆயுதம் கொண்டுவரத் தடை, அவசர நிலை அறிவிப்பு, வேலி, மெட்டல் டிடெக்டர். உள்ளே போனவர்கள் சுமார் 6,000. மீதி 16,000 பேர் துப்பாக்கியை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் வெளியே தெருவிலேயே நின்றார்கள். நான்கு நாள் முன்னால்தான் எஃப்.பி.ஐ. ஒரு நவநாஜிக் கும்பலைச் சேர்ந்த மூன்று பேரைக் கைது செய்திருந்தது. 2017இல் இதே மாநிலத்தின் சார்லட்ஸ்வில்லில் வெள்ளை இனவெறியர்களின் பேரணி கொலையில் முடிந்தது எல்லோர் நினைவிலும் இருந்தது. ‘இன்னைக்கு அலுவலகத்துப் பக்கமே போகாதே’ என்று வீட்டில் சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு கோப்பை எடுக்க வேண்டியிருந்தது, போனேன்.

பிராட் தெருவைக் கடக்கவே அரை மணி நேரம் ஆனது. உறைய வைக்கிற குளிர். எல்லார் மேல்சட்டையிலும் ஆரஞ்சு நிறத்தில் வட்டமான ஒரு ஸ்டிக்கர், ‘துப்பாக்கி உயிர் காக்கும்’ என்று. தோளில் ரைஃபிள் தொங்க, கையில் காபிக் கோப்பையோடு வரிசை வரிசையாக ஆட்கள். என்னைப் பார்த்த ஒரு பெரியவர், கூட்டத்தில் வழி விட்டு, ‘குட் மார்னிங் சார்’ என்றார். மாநிலத்தின் தென்மேற்குக் கோடியில் மலைப் பகுதியாம் அவர் ஊர். இரவு பஸ் ஏறி ஐந்தாறு மணி நேரம் பயணம் செய்து வந்திருக்கிறார். ‘எங்கள் வீட்டில் அவசர உதவிக்கு நைன் ஒன் ஒன் அடித்தால் போலீஸ் வருவதற்கு நாற்பது நிமிடம் ஆகும். அந்த நாற்பது நிமிடம் நான் என்ன செய்வது என்று உள்ளே இருப்பவர்களைக் கேட்கத்தான் வந்தேன்’ என்றார். என்னிடம் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி ஓர் இளைஞன் ஆள் உயரத்துக்கு ஒரு ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு நின்று கொண்டிருந்தான். அவனிடம் எந்தக் கேள்வியும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டியிருந்தார்கள்.

அந்த நாள் முழுவதும் ஒரு தோட்டாகூட வெடிக்கவில்லை. ஒரே ஒரு கைது, அதுவும் முகத்தை மறைத்துக் கட்டியிருந்ததற்காக. மாலையில் குப்பையைப் பொறுக்கி எடுத்துவிட்டுப் போனவர்களையும் பார்த்தேன். அதனால் அது அமைதியான கூட்டம் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை. அதே நேரம், ஆயிரக்கணக்கான ரைஃபிள்களுக்கு நடுவே எதிர்க் கருத்துக்காரர் ஒருவர் பதாகை தூக்கிக்கொண்டு வந்து நிற்க முடியுமா என்பதும் நியாயமான கேள்விதான். சட்டத்துக்கு ஆதரவான அமைப்புகள் அந்த ஆண்டு தங்கள் வழக்கமான அஞ்சலிக் கூட்டத்தையே கைவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரை அடிக்கடி இழுப்பார்கள். 1956இல் மாண்ட்கமரியில் அவர் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு, துப்பாக்கி வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார், கொடுக்கவில்லை. ‘அனுமதி கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவனுக்குப் பிடிக்காதவன் கை வெறுங்கைதான்’ என்பது அவர்கள் வாதம். கறுப்பினத்தவர் சிலரும் அன்றைய கூட்டத்தில் ரைஃபிளோடு நின்றார்கள். கிங் பிறகு ஆயுதத்தையே ஒதுக்கியவர், துப்பாக்கியாலேயே இறந்தவர் என்பதை மறுதரப்பு சொல்லும். இரண்டும் நடந்தவைதான்.

இவ்வளவு பேர் எதிர்த்தால் சட்டம் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டு மசோதாக்களில் ஏழு நிறைவேறின. தனியார் ஒருவருக்கொருவர் விற்றாலும், வாங்குபவரின் பின்னணிச் சரிபார்ப்பு. மாதத்துக்கு ஒரு கைத்துப்பாக்கிதான் வாங்கலாம் என்ற வரம்பு. தொலைந்தாலோ திருடு போனாலோ 48 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது. ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதுகிறவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை வாங்கி வைப்பது. எல்லாம் 2020 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. மாதத்துக்கு ஒன்று என்பது புதிதுகூட இல்லை. 1993இல் இதே மாநிலம் கொண்டுவந்து, 2012இல் எடுத்துவிட்டு, மறுபடி கொண்டுவந்த சட்டம் அது.

விழுந்தது ஒன்றே ஒன்று: ‘அசால்ட்’ ரகம் என்று சொல்லப்படும், ராணுவத் துப்பாக்கியின் சாயலில் உள்ள ரைஃபிள்களின் விற்பனைக்குத் தடை. கீழவையில் 51-48 என்று தப்பிப் பிழைத்து வந்த மசோதாவை, மேலவையின் நீதிக் குழு பிப்ரவரி 17 அன்று 10-5 என்று ஓராண்டுக்குத் தள்ளி வைத்தது. அந்தப் பத்துப் பேரில் நான்கு பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். கூட்டம் கலைந்து நான்கு வாரம் கழித்து, ஓர் அறைக்குள், நான்கு பேர் கையில் முடிந்தது விஷயம். எதை ‘அசால்ட்’ ரகம் என்பது, ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பெரிய மேகசின்களை (தோட்டா அடைக்கும் கூடுகளை) என்ன செய்வது என்பன போன்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லை என்பதுதான் குழுவில் அடிபட்ட குறை. தெருவில் முழங்கிய 22,000 பேரின் குரல் அவர்கள் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே குரல் மற்ற ஏழு மசோதாக்களையும்தான் எதிர்த்தது.

அதனால்தான் எதிர்ப்பாளர் யாரிடம் பேசினாலும் நான் முதலில் கேட்பது, ‘எந்த வரியை எதிர்க்கிறீர்கள்?’ என்றுதான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடமும் அதையே கேளுங்கள். ‘துப்பாக்கிச் சட்டம்’ என்று ஒரு சட்டம் கிடையாது. பின்னணிச் சரிபார்ப்புக்குத் தலையாட்டுகிறவர் ரைஃபிள் தடைக்குக் கொதிப்பார். துப்பாக்கியைப் பூட்டி வை என்பதை ஏற்கிறவர், நீதிபதி ஆணையால் பறிப்பதை ஏற்க மாட்டார். மசோதாக்களின் முழு வாசகமும் சட்டமன்ற இணையதளத்தில் கிடைக்கும். புதிதாகச் சேர்ப்பது சாய்ந்த எழுத்தில் இருக்கும். எடுப்பதன் மேல் கோடு போட்டிருக்கும். சட்டம் படிக்காதவரும் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம். தெருவில் பலகை நட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சாய்ந்த எழுத்தைப் படித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். பலகை நடாமல் ‘வரட்டும் சட்டம்’ என்கிற நம்மவர்கள் எத்தனை பேர் படித்தோம் என்பதிலும் அதே சந்தேகம் எனக்குண்டு.

‘வீடு வீடாக வந்து பறிப்பார்கள்’ என்று அவர் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். 2020இல் மேலவையில் முதலில் தாக்கலான மசோதா, இருந்த வாசகப்படி, ‘அசால்ட்’ ரகத்தை வைத்திருப்பதையே கடுங்குற்றமாக்கியது. எதிர்ப்பு வலுத்ததும் கொண்டுவந்தவரே அதைத் திரும்பப் பெற்றார். பயத்துக்கு அப்போது எழுத்தில் ஆதாரம் இருந்தது. ஆனால் பின்னால் 2024இலும் 2025இலும் இரண்டு அவைகளும் நிறைவேற்றி, அப்போதைய ஆளுநர் க்ளென் யங்கின் வீட்டோ செய்த மசோதா வேறு மாதிரி. இனிமேல் செய்கிற, விற்கிற துப்பாக்கிக்குத்தான் தடை. ஏற்கெனவே வைத்திருப்பவர் வைத்துக்கொள்ளலாம். 2025 நவம்பரில் ஜனநாயகக் கட்சியின் அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் ஆளுநர் தேர்தலில் வென்றதும், வீட்டோ காப்பாற்றும் என்ற தெம்பு எதிர்ப்பாளர்களுக்குப் போய்விட்டது. உங்கள் தெருவுக்கு மனு வந்ததன் பின்னணி அதுதான் என்று நினைக்கிறேன்.

சட்டம் வந்த பிறகும் எதிர்ப்பு ஓயாது. 2013இல் கொலராடோவில் மேகசின் அளவுக்கு வரம்பு வைத்ததற்காக இரண்டு செனட்டர்களைத் திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தியே மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜான் மோர்ஸ் மேலவைத் தலைவராகவே இருந்தவர். ஆள் போனார், சட்டம் இருக்கிறது. நீதிமன்றமும் இருக்கிறது. 2022இல் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம், துப்பாக்கிச் சட்டம் எதுவானாலும் நாட்டின் வரலாற்று மரபுக்குப் பொருந்தி வர வேண்டும் என்று ஓர் அளவுகோல் வைத்தது. 2024இல் ரஹீமி வழக்கில் அதே அளவுகோலை வைத்துக்கொண்டே, குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவனிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லும் என்று 8-1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வரப்போகும் சட்டங்களும் அங்கே போகத்தான் போகின்றன.

இனி ‘எங்கள் கவுண்டியில் செல்லாதா’ என்ற கேள்வி. அந்த மனுவில் உங்கள் கவுண்டியை ‘சேங்ச்சுவரி’ என்று அறிவிக்கச் சொல்கிறார்கள். சரணாலயம் என்றால் நமக்கு வேடந்தாங்கல்தான் ஞாபகம் வரும். இங்கே அந்தச் சொல் குடியேறிகளை மத்திய அதிகாரிகளிடம் பிடித்துக் கொடுக்க மாட்டோம் என்று அறிவித்த நகரங்களிடமிருந்து வந்தது. அந்த நகரங்களைத் திட்டுகிறவர்களே அந்தச் சொல்லை எடுத்துத் துப்பாக்கிக்கு மாட்டிக்கொண்டார்கள். குடியேற்ற வழக்கு நடத்துகிற எனக்கு அதில் ஒரு வேடிக்கை உண்டு.

2019 நவம்பருக்கும் 2020 தொடக்கத்துக்கும் நடுவில் வர்ஜீனியாவின் 95 கவுண்டிகளில் 90க்கும் மேற்பட்டவை இப்படி ஏதோ ஒரு தீர்மானம் போட்டன. உங்கள் கவுண்டியிலும் பழைய தீர்மானம் ஒன்று ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருக்கலாம். போர்டு எழுத்தரிடம் கேட்டுப் பாருங்கள். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அப்போதைய அட்டர்னி ஜெனரல் மார்க் ஹெர்ரிங், இவற்றுக்குச் சட்ட வலிமை எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் கருத்து எழுதினார். என் கருத்தும் அதுதான். வர்ஜீனியாவில் கவுண்டிக்கு மாநிலம் கொடுத்த அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுதான் அதிகாரம். டில்லன் விதி என்பார்கள். மாநிலச் சட்டத்தை ஒரு கவுண்டி தன் எல்லையில் நிறுத்தி வைக்க முடியாது. தீர்மானங்களையும் கவனமாகப் படித்துப் பாருங்கள்: ‘அரசியல் சாசனத்துக்கு முரணான’ சட்டங்களை அமல்படுத்த மாட்டோம் என்றுதான் எழுதியிருப்பார்கள். முரணா இல்லையா என்று சொல்லப்போவது போர்டு அல்ல, நீதிபதி.

நடைமுறை கொஞ்சம் வேறு. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் தேர்தலில் நின்று வருகிறவர். எந்தக் குற்றத்தைத் தேடிப் போவது, எதைக் கண்டும் காணாமல் விடுவது என்பதில் அவருக்கு இடம் உண்டு. கல்பெப்பர் கவுண்டி ஷெரிஃப் ஸ்காட் ஜென்கின்ஸ், அந்தச் சட்டங்கள் வந்தால் ஆயிரக்கணக்கான குடிமக்களைத் துணை அதிகாரிகளாக்கி அவர்கள் துப்பாக்கியைக் காப்பாற்றுவேன் என்று 2019இல் அறிவித்துப் பிரபலமானார். அதே துணை அதிகாரி பேட்ஜைக் காசுக்குக் கொடுத்த லஞ்ச வழக்கில் 2024 டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பத்தாண்டு தண்டனையும் விதிக்கப்பட்டு, 2025 மே மாதம் அதிபரின் மன்னிப்பில் சிறைக்குப் போகாமல் தப்பினார். எல்லா ஷெரிஃபும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஷெரிஃபின் வாக்குறுதியை நம்பிச் சட்டத்தை மீறினால், மாட்டும்போது அவர் பக்கத்தில் வந்து நிற்க மாட்டார் என்பதற்காகச் சொன்னேன்.

அது குடிமக்களுக்கு. உங்கள் வீட்டுக்கு இன்னும் கடுமையானது ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்காததால் நானே சொல்கிறேன். எச்-1பி, எச்-4, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் உள்ளவர்கள் போலச் சில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவே. வைத்திருப்பது என்றால் சொந்தமாக வாங்குவது மட்டுமில்லை. ஃபுளோரிடாவில் மாணவர் விசாவில் வந்து, கல்லூரியில் இருந்து நீக்கப்பட்ட ஒருவர், ஒரு ஷூட்டிங் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுட்டுப் பழகும் இடம்) போய்ச் சுட்டுப் பார்த்தார். அது குற்ற வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019இல் ரெஹைஃப் வழக்கில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது என்றாலும், அதற்குள் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் அன்பாக, ‘ஒரு சனிக்கிழமை ரேஞ்சுக்கு வாங்களேன்’ என்று உங்கள் கணவரைக் கூப்பிடுவார். கூப்பிடாமல் இருக்க மாட்டார். நம்ம ஊர் இளைஞர்கள் அங்கே போய்ப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதையும் பார்க்கிறேன். கிரீன் கார்டு வரும் வரை அதைக் கையில்கூட வாங்க வேண்டாம்.

இதைவிட எனக்கு அவசரமாகப் படுவது உங்கள் பையன். சட்டமன்றத்தில் எது ஜெயித்தாலும் தோற்றாலும், அவன் நாளைக்கும் அந்த வீட்டில்தான் விளையாடப் போகிறான். அங்கே துப்பாக்கி இருக்கிறதா, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, தோட்டா தனியாக இருக்கிறதா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். 2023 ஜனவரி 6 அன்று இதே மாநிலத்தில், நியூபோர்ட் நியூஸில், ஆறு வயதுப் பையன் அம்மாவின் துப்பாக்கியைப் பள்ளிக்குக் கொண்டுபோய் ஆசிரியையைச் சுட்டான். சட்டப்படி வாங்கிய துப்பாக்கிதான் அது. அந்தத் தாய் சிறைக்குப் போனார். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஆபத்து வரும்படி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொறுப்பில்லாமல் போட்டு வைப்பது வர்ஜீனியாவில் இப்போதே குற்றம்.

இதைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துத்தான் நம்மவர்கள் கேட்பதில்லை. வேர்க்கடலை ஒத்துக்காத பிள்ளையை வைத்திருப்பவர் ‘உங்கள் வீட்டில் கடலை இருக்கிறதா’ என்று கேட்க மாட்டாரா? பொறுப்பாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. என் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டபோது, என்னைக் கையைப் பிடித்து அடித்தளத்துக்கு இழுத்துக்கொண்டு போய், பெட்டியைத் தட்டிக் காட்டி, எத்தனை கிலோ, எந்தக் கடையில் வாங்கினார் என்பது வரை அரை மணி நேரம் சொன்னார். உங்களவர் காட்டத் தயங்கினால், விளையாட்டை உங்கள் வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, பேசலாமா என்பது. பேசலாம். இந்த நாட்டில் வசிக்கும் வெளிநாட்டவருக்கும் பேச்சுரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1945இலேயே சொல்லியிருக்கிறது. கவுண்டி போர்டில் பேச வசிப்பவராக இருந்தால் பொதுவாகப் போதும், குடியுரிமை கேட்க மாட்டார்கள். நன்கொடைதான் கூடாது, விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

ஆனால் காலம் பழைய மாதிரி இல்லை என்பதையும் மறைக்க மாட்டேன். 2025இல் மாணவர் விசாவில் இருந்த சிலர் காஸா பற்றி எழுதியதற்கும் பேசியதற்கும் கைதாகி, நீதிமன்றத்தில் போராடி வெளியே வர வேண்டியிருந்தது. துப்பாக்கி மசோதா பற்றிக் கவுண்டி போர்டில் மூன்று நிமிடம் பேசுவதற்கும் அதற்கும் நிறைய தூரம். என் மதிப்பீட்டில் ஆபத்து மிகச் சிறியது. இருந்தாலும் கூட்டம் ஒளிப்பதிவாகும், பெயரும் முகவரியும் கேட்பார்கள், படம் யார் கைக்கும் போகும். உங்கள் கணவருக்கு அது ஒப்பவில்லை என்றால் அவரைக் கோழை என்று நினைக்காதீர்கள். உங்கள் பகுதியின் கீழவை, மேலவை உறுப்பினர்கள் இருவருக்கும் கடிதம் எழுதுங்கள். ஓட்டு இல்லாதவர்களும் அவர்கள் தொகுதி மக்கள்தான்.

எழுதுவதானால் ‘துப்பாக்கி வன்முறை ஒழிக’ என்று எழுத வேண்டாம். அது குப்பைக்குப் போகும். லாக்டவுன் டிரில் நடக்கிற அன்றைக்குப் பையன் தொடாமல் திருப்பிக் கொண்டுவரும் டிபன் பாக்ஸைப் பற்றி எழுதுங்கள். எந்த மசோதா, எந்த வரி என்று குறிப்பிட்டு அதை ஆதரிக்கிறேன் என்று சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு, பேசாவிட்டாலும், போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே காரில்கூடப் போகலாம், அவர்தானே கூப்பிட்டார். கடிதத்தை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன்னால், எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். விசா பற்றி அதில் ஒரு வார்த்தையும் வராமல் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.